ஊர்ப் பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு ஒரு பிள்ளை!

காலை மணி ஏழரை. வெளியே மழைத் தூறல். இங்கிலாந்தில் ஒரு நகரம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். அந்தத் தெருவில் ஒரு வீட்டின் கதவு மட்டும் அடிக்கடி திறந்து மூடுகிறது.

ஒரு தாய் தள்ளுவண்டியில் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறாள். முத்தம் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள். அடுத்து ஒரு தகப்பன் வருகிறார். அவர் தோளில் தூக்கம் கலையாத மூன்று வயதுப் பையன். அதன் பிறகு அக்காள் தங்கை இருவர். அவர்களை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட வேண்டும்.

வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாக நிற்கின்றன. கொக்கியில் சின்னச் சின்ன மழைக்கோட்டுகள் தொங்குகின்றன. அடுப்பங்கரையில் கஞ்சி கொதிக்கிறது.

இவர்கள் அந்த வீட்டுக்காரியின் பிள்ளைகள் அல்ல. ஊரார் பிள்ளைகள். கூலி வாங்கிக்கொண்டு அவர்களைத் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது அவள் தொழில். இந்தத் தொழில் செய்பவர்களை அங்கே ‘சைல்டுமைண்டர்’ என்பார்கள். பிள்ளை பார்ப்பவள் என்று பொருள்.

இப்பொழுது அந்தப் பிள்ளை பார்ப்பவளே ஆறு மாதக் கர்ப்பிணி!

அவளுக்குப் பிரசவமானால் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அவர்களை நம்பி வேலைக்குப் போகும் தாய் தகப்பன் என்ன செய்வது? மாதக்கணக்கில் கதவை மூடினால் அவள் பிழைப்பு என்ன ஆவது?

இங்கிலாந்தில் இந்தத் தொழிலில் இருக்கும் பெண் ஒருத்தி கர்ப்பமானால், இந்த மூன்று கேள்விகளும் அவள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே, அப்படி ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொண்டே பார்ப்போம். பெயர் வேண்டாம். ஒருத்தியின் கதையில் பலருடைய கதை அடங்கியிருக்கிறது.

சும்மா நடத்தும் வேலை அல்ல

‘கொஞ்ச நாள் பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போயிற்று’ என்று எண்ணத் தோன்றும். அப்படிச் செய்ய அங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின் போது ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அரசாங்கமே காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் அவற்றில் பல மூடப்பட்டன. பெண்களில் பலர் வேலையை விடவில்லை. பிள்ளைகளை அக்கம் பக்கத்து வீடுகளில் விட்டுச் சென்றார்கள்.

அந்த வீடுகளைக் கண்காணிக்க 1948-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். வெகுகாலம் உள்ளூர் சபைகள் இந்தப் பதிவைக் கவனித்து வந்தன. 2001-இல் அந்தப் பொறுப்பு ‘ஆப்ஸ்டெட்’ என்ற அரசாங்க மேற்பார்வை இலாகாவிடம் வந்தது.

எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன் வீட்டில் வைத்து, நாள் ஒன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல், பணம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர் எவரும் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு என்றால் வெறும் கையெழுத்து அல்ல. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம் பெற வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அவள்மீது குற்ற வழக்கு உண்டா என்று சோதிப்பார்கள். அவள்மீது மட்டுமா? அந்த வீட்டில் வசிக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோர்மீதும் அந்தச் சோதனை உண்டு!

எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒருத்தி ஒரே நேரத்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட 6 பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்த ஆறு பேரில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுசுகள் பொதுவாக 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூன்று பேரிலும் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை ஒன்றுதான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது மறுபடியும் வரும்.

யாரிடம் முதலில் சொல்வது?

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே அவளுக்கு இரண்டு எண்ணங்கள். ஒன்று மகிழ்ச்சி. மற்றது, ‘பெற்றோர்களிடம் எப்போது சொல்வது?’ என்ற பயம்.

சீக்கிரம் சொன்னால் அவர்கள் பிள்ளையை வேறிடம் மாற்றிவிடலாம். தாமதித்துச் சொன்னால் அவர்களுக்கு வேறிடம் தேட நேரம் இருக்காது. ‘எங்களிடம் மறைத்துவிட்டாளே!’ என்ற மனத்தாங்கலும் வரும்.

ஆனால் சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. அதுதான் நோய்.

குழந்தைகள் கூடும் இடத்தில் சளியும் காய்ச்சலும் சுற்றிச் சுற்றி வரும். இவற்றில் சில, கர்ப்பிணிக்கும் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் ஆபத்தானவை. சின்னம்மை அப்படிப்பட்டது. சிறு வயதில் சின்னம்மை வந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் பயமில்லை. வராதவர்கள், அம்மை கண்ட குழந்தையோடு பழகிவிட்டால் உடனே டாக்டரிடமோ மருத்துவச்சியிடமோ சொல்ல வேண்டும்.

வேறு சில கிருமிகள் குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருந்து பரவும். ஆகவே ஈரத் துணி மாற்றிய பிறகும், மூக்குத் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தை தின்று மீதி வைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும்.

பெற்றோருக்கு விஷயம் தெரிந்தால்தான், ‘இன்று பிள்ளை உடம்பில் கொப்புளம் தெரிகிறது, கூட்டி வரவில்லை’ என்று முன்கூட்டியே சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் வரை நடை, தள்ளுவண்டியைத் தூக்கிப் படியேற்றல், இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமத்தல் என்று அவள் வேலைகள் எல்லாம் பளு நிறைந்தவை. எட்டாம் மாதத்தில் இவை எப்படி முடியும்? எனவே, பிரசவத்துக்கு முன்பே கைமாற்றம் தொடங்கியாக வேண்டும்.

வாரம் எவ்வளவு வரும்?

இங்கிலாந்தில் ஆபீசிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு 52 வாரம் வரை பிரசவ விடுமுறை உண்டு. தகுதி உள்ளவர்களுக்கு அதில் 39 வாரத்துக்குச் சம்பளப் பணம் உண்டு. முதல் 6 வாரத்துக்கு, வழக்கமான சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். அவள் வேலையும் அவளுக்காகக் காத்திருக்கும்.

பிள்ளை பார்ப்பவளுக்கு முதலாளி கிடையாது. அவளே முதலாளி, அவளே தொழிலாளி. விடுமுறை கொடுக்க யாரும் இல்லை. அவள் இடத்தைக் காத்து வைத்திருக்கவும் யாரும் இல்லை.

ஆனால் அரசாங்கம் அவளை அடியோடு கைவிட்டுவிடவில்லை. சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு ‘மகப்பேறு உதவித்தொகை’ என்று ஒன்று தருகிறது. பிரசவ வாரத்துக்கு முந்திய 66 வாரத்தில், குறைந்தது 26 வாரமாவது தொழில் செய்திருக்க வேண்டும். தேசிய இன்ஷூரன்ஸ் சந்தாவையும் சரியாகக் கட்டியிருந்தால் முழுத் தொகை கிடைக்கும். சந்தாவில் குறை இருந்தால் தொகையும் குறைந்துவிடும்.

2025-26-ஆம் ஆண்டில் அந்த முழுத் தொகை வாரத்துக்கு 187 பவுன் 18 பென்னி. 39 வாரத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 7,300 பவுன். இதற்கு வருமான வரி கிடையாது.

நல்ல தொகைதானே என்று தோன்றலாம். அவளுடைய வரும்படியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாரம் 250 பவுன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சிறுசுகளுக்கு 750 பவுன். பால், பழம், பொம்மை, விளக்குச் செலவு எல்லாம் போக மீதிதான் அவளுக்கு. அப்படியும், அந்த 750 நின்றுபோய் 187 வரும்போது குடும்பம் தள்ளாடும். வீட்டு வாடகை குறையாது. இன்ஷூரன்ஸ் நிற்காது. புதிதாக ஒரு வயிறு வேறு சேர்ந்திருக்கிறது!

பத்து நாள் கணக்கு

‘பிரசவமாகி இரண்டு மாதத்தில் எழுந்து நடமாடலாமே! தன் குழந்தையை ஒரு பக்கம் தொட்டிலில் போட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளை மறுபக்கம் பார்த்துக்கொள்ளலாமே!’

நல்ல யோசனைதான். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது.

உதவித்தொகை வாங்கும் காலத்தில் அவள் மொத்தம் 10 நாள்தான் தொழில் செய்யலாம். வாரத்துக்குப் பத்து அல்ல. மாதத்துக்குப் பத்தும் அல்ல. 39 வாரம் முழுவதற்கும் சேர்த்துப் பத்தே நாள். ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் பிள்ளை பார்த்தாலும் அது ஒரு முழு நாளாகக் கணக்கில் ஏறும். பத்தைத் தாண்டினால் உதவித்தொகையில் கை வைப்பார்கள்.

இந்த விதி அவள் நன்மைக்காகப் போடப்பட்டதுதான். பெற்றவள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பணம். ஆனால் கதவு மூடாமலிருக்க வேண்டும் என்று துடிப்பவளுக்கு இதுவே கால்கட்டாகிறது.

அப்படியானால் அவளுக்குப் பதில் வேறொருவர் பார்க்க வேண்டும். யார் அவர்?

உதவியாளுக்கு இரண்டு மணி நேரம்

பல வீடுகளில் உதவியாள் ஒருவர் இருப்பது உண்டு. சில இடங்களில் கணவனே உதவியாள். சில இடங்களில் அவளுடைய தாயோ தங்கையோ உதவியாள். அவர்களும் சோதனைக்கு உட்பட்டவர்கள்தான், முதலுதவி தெரிந்தவர்கள்தான். பிள்ளைகளுக்கும் பழகிய முகம்.

‘அப்படியானால் கவலை தீர்ந்தது! உதவியாள் பார்த்துக்கொள்ளட்டும்.’

தீரவில்லை. பதிவு பெற்றவள் வீட்டில் இல்லாதபோது, உதவியாள் ஒரு நாளில் அதிகபட்சம் 2 மணி நேரம்தான் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கலாம். அதற்கும் பெற்றோரின் சம்மதம் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். உதவியாளிடம் முதலுதவிச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

ஏன் இரண்டு மணி? பதிவு இல்லாமல் பிள்ளை பார்க்கச் சட்டம் அனுமதிக்கும் நேரமே அவ்வளவுதான். அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் பதிவு வேண்டும்.

அவள் டாக்டரிடம் போய்வர இந்த இரண்டு மணி போதும். பிரசவத்துக்குப் போய்வரப் போதுமா?

ஆக, நிலைமை இதுதான். அவள் வேலை செய்தால் உதவித்தொகைக்கு ஆபத்து. உதவியாள் மட்டும் வேலை செய்தால் சட்டத்துக்கு விரோதம். கதவு திறந்திருக்க வேண்டுமானால், அவளைப் போலவே பயிற்சியும் பதிவும் உள்ள இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும்.

மூன்று வழிகள்

இந்த இக்கட்டிலிருந்து பெண்கள் மூன்று வழிகளில் வெளியே வருகிறார்கள்.

முதல் வழி, கதவை மூடிவிடுவது. இதுவே எளிது. தேதியைக் குறித்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி வந்தால், சில மாதம் பிள்ளைகள் இல்லை என்பதற்காகப் பதிவு போய்விடாது. ஆனால் பிள்ளைகள் போய்விடுவார்கள்! புது இடத்தில் ஒன்பது மாதம் பழகிய குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடப் பெற்றோருக்கு எளிதில் மனம் வராது. அவள் திரும்பி வரும்போது வாசலில் செருப்பு இருக்காது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, அக்கம் பக்கத்தில் இதே தொழில் செய்பவர்களிடம் பிள்ளைகளைப் பிரித்து விடுவது. ஒருத்தியிடம் ஒரு பிள்ளை, இன்னொருத்தியிடம் இரண்டு பிள்ளை. ‘இத்தனை மாதத்துக்கு மட்டும்’ என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி ஒருவருக்கொருவர் கை கொடுப்பவர்கள் அங்கே பலர் உண்டு. இன்று இவளுக்குப் பிரசவம். நாளை அவளுக்கு ஆபரேஷன். ஆனால் அவர்களுக்கும் ‘மூன்று சிறுசு’ என்ற அதே கணக்குத்தான். அந்த நேரத்தில் அவர்களிடம் இடம் காலியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பதிவு பெற்ற இன்னொரு பெண்ணைத் தன் வீட்டுக்கே வரவழைப்பது. பிள்ளைகளுக்கு அதே வீடு, அதே பொம்மை, அதே தோட்டம். ஆள் மட்டும் வேறு. கதவு ஒரு நாளும் மூடாது. ஆனால் இதற்குத்தான் ஏற்பாடு அதிகம். வருகிறவள் எந்த வீட்டில் தொழில் செய்கிறாள் என்பது ஆப்ஸ்டெட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகும், வீட்டுச் செலவு யாருடையது, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால், சட்டப்படி குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். முதலாளிக்குரிய இன்ஷூரன்சும் தனியாக எடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. அந்த உதவித்தொகையைப் பொறுத்தவரை அவள் தொழில் செய்கிறாளா என்பதுதான் கேள்வி. அவள் கை வைக்காமல் இன்னொருத்தி காப்பகத்தை நடத்தினால் உதவித்தொகை நிற்க வேண்டியதில்லை.

கணவன் இந்த இடத்துக்கு வரலாமா? வரலாம். ஆனால் உதவியாளாக அல்ல. அவரும் பயிற்சி பெற்று, பிள்ளை பார்ப்பவராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மனைவி கர்ப்பம் என்று தெரிந்ததும் மனுப் போடத் தொடங்கினால், குழந்தை பிறப்பதற்குள் பதிவு கைக்கு வர வாய்ப்புண்டு. எட்டாம் மாதத்தில் யோசித்தால் காலம் கடந்துவிடும்.

பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பெரியவர்களின் ஏற்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும். காலை ஏழரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு வரும் அந்த மூன்று வயதுப் பையனுக்கு இதில் எதுவும் புரியாது. தன்னைத் தூக்கிக்கொள்ளும் கை திடீரென்று ஒரு நாள் இல்லாமற் போனால் அவன் மனம் என்ன பாடுபடும்?

அங்குள்ள விதிகளின்படி, காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ‘இவர்தான் உன் ஆள்’ என்று ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுக் காப்பகத்தில் அந்த ஆள் அவளேதான். ஆகவே புதிதாக வருகிறவளைச் சில வாரம் முன்பே வரவழைப்பது நல்லது. முதல் வாரம் அவள் சும்மா உட்கார்ந்து விளையாடுவாள். இரண்டாம் வாரம் சோறு ஊட்டுவாள். மூன்றாம் வாரம் தூங்க வைப்பாள். பழைய முகம் அருகில் இருக்கும்போதே புதிய முகம் பழகிவிடும்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுக்க வேண்டும். யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது? யாருக்கு வேர்க்கடலை ஆகாது? யார் கரடி பொம்மை இல்லாமல் தூங்க மாட்டாள்? எந்தப் பிள்ளையை யார் வந்தால் அனுப்பலாம், யார் வந்தால் அனுப்பக் கூடாது? மருந்து கொடுக்கப் பெற்றோர் எழுதித் தந்த சம்மதம் எங்கே இருக்கிறது? நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும்?

இவ்வளவும் அவள் தலைக்குள் இருப்பவை. வருடக்கணக்கில் சேர்ந்தவை. பிரசவ வலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிட்டால்? தலைக்குள் இருப்பது காகிதத்தில் ஏறியிருந்தால்தான் அன்று வருகிறவளுக்குக் கை ஓடும்.

பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ‘என் வயிற்றில் பாப்பா இருக்கிறது. பாப்பா வந்த பிறகு நான் கொஞ்ச நாள் படுத்துக்கொள்வேன். இந்த அத்தை உங்களோடு விளையாடுவார்கள். பிறகு நான் திரும்பி வருவேன்.’ இவ்வளவு போதும். சொல்லாமல் மறைந்துபோவதுதான் குழந்தைக்குப் பெரிய துயரம்.

திரும்பி வரும் நாள்

மாதங்கள் ஓடிவிட்டன. 39 வாரம் என்றால் ஏறத்தாழ ஒன்பது மாதம். உதவித்தொகை நின்றுவிட்டது. அவள் மறுபடியும் காப்பகத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். இப்போது அவள் இடுப்பில் அவளுடைய குழந்தையே இருக்கிறது.

முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் மறுபடியும் வருகிறது!

மூன்று சிறுசுகள் என்ற கணக்கில் அவளுடைய சொந்தக் குழந்தையும் சேரும். ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை ஒன்றுதான் என்றோமே, அந்த ஒரே இடத்திலும் அவள் குழந்தையே உட்கார்ந்துகொள்ளும். அப்படியானால் ஊரார் பிள்ளைகளில் ஒன்றை அனுப்பிவிட வேண்டுமா? ஒரு பிள்ளை போனால் அதன் வருமானமும் போகுமே!

இதற்கு விதியிலேயே ஒரு சிறு வாசல் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பார்ப்பவள் தன் சொந்தக் கைக்குழந்தையையும் பார்க்க நேர்ந்தால், சிறுசுகளின் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டியது குறைவில்லாமல் நடக்கிறது என்று பெற்றோருக்கும் மேற்பார்வையாளருக்கும் அவள் காட்ட வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மொத்தம் 6 பேர் என்ற எல்லை மட்டும் அசையாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்பதா, வேதனை என்பதா?

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்கு அரசாங்கமே காப்பகக் கட்டணம் கொடுக்கிறது. 2025 செப்டம்பர் முதல், ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைக்கு, ஆண்டில் 38 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம் இலவசம். அந்தப் பணம் பிள்ளை பார்ப்பவளுக்கு வந்து சேரும். ஆனால் அவள் மடியில் இருக்கும் அவளுடைய சொந்தக் குழந்தைக்கு அந்தப் பணம் கிடையாது! பெற்றவள் தன் பிள்ளையைப் பார்க்கக் கூலி எதற்கு என்பது விதி. அதே குழந்தையை அடுத்த தெருவில் உள்ள இன்னொரு பிள்ளை பார்ப்பவளிடம் விட்டால், தகுதி இருந்தால் அவளுக்குப் பணம் உண்டு.

தன் குழந்தையை அடுத்தவளிடம் விட்டுவிட்டு, அடுத்தவர் குழந்தையைத் தான் பார்ப்பதா? சில பெண்கள் அப்படியும் செய்ய வேண்டியிருக்கிறது. பலர், ‘பணம் வராவிட்டாலும் போகட்டும், என் குழந்தை என் கண் முன்னால் இருக்கட்டும்’ என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதற்காகத்தான்.

ஒரு கதவு மூடினால்...

2012-இல் இங்கிலாந்தில் பிள்ளை பார்ப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். 2024-இல் முப்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். நீண்ட நேர உழைப்பு, குறைந்த வருமானம், ஓயாத எழுத்து வேலை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பிரசவத்துக்காக மூடிய கதவு மறுபடி திறக்காமலே போவதும் உண்டு.

ஒரு கதவு மூடினால் நஷ்டம் அவளுக்கு மட்டும் அல்ல. அந்தக் கதவை நம்பி ஒரு தாய் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கலாம். ஒரு தகப்பன் பஸ் ஓட்டலாம். அவர்கள் வேலைக்குப் போனால்தான் இன்னும் எத்தனையோ பேருடைய வேலை நடக்கும். அத்தனையும் அந்த வாசலில் தொடங்குகிறது.

ஊரில் உள்ள தாய்மாரெல்லாம் வேலைக்குப் போகிறார்கள் என்றால், அவர்கள் பிள்ளைகளை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று பொருள். அவளும் ஒரு தாய்தான். அவள் பிரசவத்துக்குப் படுத்தால், அவள் இடத்தில் நிற்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தியை முன்கூட்டியே தேடி வைப்பவள் வீட்டில்தான் கதவு திறந்தே இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தாலும், விதியில் தளர்வு இருந்தாலும், அந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் எதுவும் நடப்பதில்லை.

காலை மணி ஏழரை. மழைத் தூறல். கதவு தட்டப்படுகிறது. மூன்று வயதாக இருந்த பையனுக்கு இப்போது நாலு வயது. தகப்பன் தோளிலிருந்து இறங்கித் தானே செருப்பைக் கழற்றி வைக்கிறான். தொட்டில் அருகே ஓடுகிறான்.

“பாப்பா எழுந்துவிட்டதா?” என்று கேட்கிறான்.

“உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது” என்கிறாள் அவள்.